டப்பாவைக் காட்டுங்கம்மா!

வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு சுகர் வைத்தியம் தூரத்தில் இல்லை. ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ராயபுரத்தில் டாக்டர் எம்.விஸ்வநாதன் 1954-லேயே தொடங்கிய மருத்துவமனை, பிறகு சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனை ஆகிவிட்டது. ஆனால், முட்டிவலியோடு இரண்டு மாடி இறங்கி, எம்.சி. ரோடு கூட்டத்தைத் தாண்டிப் போவது என் அம்மாவுக்குப் பெரும்பாடு.

அம்மாவுக்கு 68 வயது. சுகர் வந்து 17 வருடம். ஜனவரியில் எடுத்த டெஸ்டில் கிரியாட்டினின் 1.6, சிறுநீரில் புரதம். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை நேர்ல வாங்க. நடுவுல வீடியோ கால்ல பேசலாம்" என்றார் டாக்டர்.

முதல் வீடியோ காலில் சுகர் நோட்டு, பிரஷர், எடை எல்லாம் கேட்டார். வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க, கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்திக் காட்டச் சொன்னார். கடைசியாக, "வீட்ல இருக்கிற மாத்திரை டப்பாவை அப்படியே காட்டுங்கம்மா" என்றார்.

அதில் சீட்டில் இல்லாத ஓர் அட்டை இருந்தது. டைக்ளோஃபெனாக். முட்டிவலிக்கு அம்மாவே மெடிக்கலில் வாங்கியது.

"அது சும்மா வலி மாத்திரை சார். தினம் ஒண்ணுதான்."

"கிட்னிக்குப் போற ரத்தத்தையே அது குறைச்சிடும்மா. இன்னையோட நிறுத்திடுங்க. வலிக்கு வேற வழி பார்க்கலாம்."

ஆஸ்பத்திரிக்கு அம்மா எடுத்துப்போவது ஃபைல் மட்டும்தான். அந்த அட்டை ஒருநாளும் போனதில்லை. போன் வழியாக டாக்டர் எங்கள் வீட்டுக்கே வந்ததால்தான் அது கண்ணில் பட்டது. காசிமேட்டுக் கருவாடும் ஊறுகாயும் அன்றைக்கே மாட்டிக்கொண்டன. அடுத்த டெஸ்டில் கிரியாட்டினின் 1.4.

போனில் ரத்தம் எடுக்க முடியாது என்பதும் உண்மை. சுகர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்தே ஆகவேண்டும். கிட்னி கெடுவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, முகம் வீங்கினாலோ வீடியோ காலுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். அரசின் இ-சஞ்சீவனியில் டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வயிறு வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளும் கிடைக்கின்றன.

இப்போது கீழ்வீட்டு அக்கா முட்டிவலி என்றாலே அம்மா முந்திக்கொள்கிறார். "உனக்கும் சுகர் இருக்குல்ல? மொதல்ல உன் டப்பாவை எடுத்துனு வா, பார்க்கலாம்!"