இரண்டாவது அடுப்பு

ஒரு வீட்டில் நள்ளிரவில் ஒரு கேத்தல் வெந்நீர் தேவைப்பட்டால், அதைப் பெற எத்தனை வழிகள் உண்டு? அற்பமான வினா என்று தோன்றலாம். ஆயினும் அந்த வீட்டார் எந்த அளவுக்குத் தம் காலில் நிற்கிறார்கள் என்பதை இந்த வினாவுக்குரிய விடை சொல்லிவிடும்.

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, கடலோரமாகக் கிடக்கிறது எங்கள் தம்பிலுவில். வைகாசியில் கண்ணகையம்மனுக்குக் குளிர்த்தி பாடி வெம்மை தணிக்கும் ஊர் இது. இங்கே வெந்நீர் எதற்கு என்று குளிர்நாட்டு நண்பர் கேட்கக்கூடும். பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியும் பாவட்டையும் அவித்த நீர் வார்க்க வேண்டும். கைக்குழந்தையின் பாற்போத்தலைக் கொதிநீரில் இட வேண்டும். மாரி வெள்ளம் கிணற்றுக்குள் புகுந்துவிட்டால், கொதித்தாறிய நீரே குடிக்கத் தகுந்தது. வாந்திபேதியையும் நெருப்புக்காய்ச்சலையும் பரப்பும் கிருமிகளைக் கொல்வதற்கு ஏழைக்குக் கிட்டிய மருந்து அந்தக் கொதிநீர்தான்.

முன்பு இந்த மருந்து விறகடுப்பில் கிடைத்தது. பிறகு எரிவாயு வந்தது. மின்சாரக் கேத்தலும் வந்தது. புகை வறுமையின் அடையாளமாயிற்று. வசதி படைத்தோர் பழைய அடுப்பை இடித்தெறிந்தனர். ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறது என்ற துணிவு அவர்களுக்கு இருந்தது.

2022ஆம் ஆண்டு அந்தத் துணிவைச் சோதித்தது. மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு. அனல்மின் நிலையங்களுக்கு எரிபொருள் இல்லை. நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைந்திருந்தது. 2021 செப்டெம்பரில் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரல் முடிவதற்குள் 4,860 ரூபா ஆயிற்று. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. மின்சாரமும் எரிவாயுவும் வீட்டுக்குள் இரண்டு வழிகளாகத் தோன்றின. துறைமுகத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றே. கப்பலில் வரும் எரிபொருளுக்குக் கொடுக்க டொலர் இல்லாதபோது இரண்டும் சேர்ந்தே அடைபட்டன. மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான். கிணற்று மோட்டாரும் நின்றுவிட்டதால், வாளியும் கயிறும் இல்லாத வீடுகளில் கொதிக்க வைக்கத் தண்ணீரே இல்லை.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு காட்சியைக் கண்டேன். பச்சைக் குழந்தை உள்ள ஒரு கல்வீட்டிலிருந்து, கூலிக்கு வயல் வேலை செய்யும் பெண்ணொருத்தியின் குடிசைக்குக் காலையும் மாலையும் ஒரு கேத்தல் சென்றது. மூன்று கல் அடுப்பில், தான் பொறுக்கிய தென்னை மட்டையையும் சிரட்டையையும் எரித்து, முகங்கோணாமல் அவள் நீர் காய்ச்சிக் கொடுத்தாள். அவளிடம் விறகு மிகுந்திருக்கவில்லை. அரசு கைவிட்ட சுமையை அந்தத் தெருவில் சுமந்தவள் அவளே. நாடெங்கும் அதைச் சுமந்தோர் பெரும்பாலும் பெண்களே. பொருளாதார அறிக்கைகள் இந்த உழைப்பைக் கணக்கில் எழுதுவதில்லை.

இஃது ஏழை நாட்டுக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. இலண்டனில் வாழும் நம்மவரின் பழைய வீடுகள் பலவற்றில், எரிவாயுக் கொதிகலன் பழுதானால் உதவும்படி, சுடுநீர்த் தொட்டிக்குள் மின்சூடேற்றி ஒன்றும் உண்டு. தொட்டியில்லாத புதுவகைக் கொதிகலனுக்கு அந்தத் துணை இல்லை. எரிவாயுக் கொதிகலன் இயங்கவும் மின்சாரம் வேண்டும். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியபோது இலட்சக்கணக்கான வீடுகள் மின்சாரம் இழந்தன. குழாய் நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள் என்று அதே நாட்களில் அங்கு அறிவித்தார்கள். எதைக் கொண்டு கொதிக்க வைப்பது?

ஆகவே துணைவழி என்பது வேறொரு மூலத்திலிருந்து வருவதாக இருத்தல் வேண்டும். இதைச் சொல்வதால் நான் பழைய புகைக்குப் பரிந்து பேசவில்லை. மூன்று கல் அடுப்பின் புகை நம் தாய்மாரின் நெஞ்சை அரித்தது. 1980களில் இந்நாட்டில் உருவான அனகி என்னும் இருவாய்க் களிமண் அடுப்பு குறைந்த விறகில் எரியும். புகைபோக்கியும் காற்றோட்டமும் உள்ள கொட்டிலில் அப்படியொன்று, மழை படாத ஒரு மூலையில் சிரட்டை, ஒரு வாளி, ஒரு கயிறு, நல்லதொரு பிளாஸ்க் ஆகியவை போதும். மின்சாரம் உள்ளபோதும் வாரம் ஒருமுறை அந்த அடுப்பை மூட்ட வேண்டும். மூட்டுகிறவர் எப்போதும் பெண்ணாகவே இருக்க வேண்டியதில்லை.

கொழும்பு மாடிக் குடியிருப்பில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்திருக்கும் தொழிலாளி எங்கே அடுப்பு மூட்டுவான்? தனிமனிதரின் முன்யோசனை அவனைக் காப்பாற்றாது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. அவ்வளவும் செலுத்திய பின்னரும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் தீவு முழுவதும் இருண்டது. மருத்துவ நிலையம், பாடசாலை, பொதுமண்டபம் ஒவ்வொன்றிலும் ஊரார் அனைவருக்கும் பயன்படும் இரண்டாவது அடுப்பு இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு குடம் வெந்நீர் கிடைப்பது பக்கத்துக் குடிசையின் இரக்கத்தை மட்டும் நம்பியிருக்கலாகாது.