பின்னல் ஊசியும் பிந்திய விடையும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியன் என்ற முறையில் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நானோ ஊசியையும் நூலையும் பற்றி எழுதத் துணிந்தேன். நாற்பத்தைந்து வயதைத் தொட்ட ஆசிரியனொருவன் மாலைவேளைகளிற் கம்பளி நூலெடுத்துப் பின்னுகின்றான் எனக் கேட்டால் நகைப்போரும் இருப்பர். இக்கலையை நான் கற்றது இளமையில்; கைவிட்டது இக்கல்லூரியிற் பயின்ற நாளில்; மீண்டும் கையிலெடுத்தது 2022 ஆம் ஆண்டில். இம்மூன்றுக்கும் இடையே நான் தீர்க்கவேண்டிய கடனொன்று உண்டு. அதனைத் தீர்ப்பதற்கு இம்மலரினும் பொருத்தமான இடம் வேறில்லை.

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன் நான். என் தாயார் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் ஆயாவாக இருந்தார். விடியுமுன்னரே பெரட்டுக்குச் செல்லும் பெண்கள் தம் கைக்குழந்தைகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏறுவர். வரிசையாகத் தொங்கும் ஏணைகளுள் ஒன்றைக் காலால் ஆட்டியவண்ணம் கைகளால் அவர் பின்னிக்கொண்டிருப்பார். துரை பங்களாவில் வேலை செய்த முதிய பெண்ணொருத்தி துரைசானியிடம் கற்று, என் தாயாருக்குக் கற்பித்த கலை அது. ஊசி வாங்கப் பணமில்லாமையால், உடைந்த குடையின் கம்பிகளைத் தீட்டி ஊசியாக்கிக்கொண்டார்.

மலையிலே கம்பளி என்பது அழகுப்பொருளன்று. எம் மூதாதையர் திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி முதலான வெப்பம் மிகுந்த சீமைகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்த அவர்களுட் பலர் வழியிலேயே மாண்டனர். 2023 ஆம் ஆண்டில், மலையகத் தமிழரின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றதை நேயர்கள் அறிந்திருப்பர். கோப்பி, இலைநோயால் அழிந்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் பயிரிட்ட தேயிலை அதனிடத்தைப் பிடித்து, எம்மவரை இன்னும் உயர்ந்த, இன்னும் குளிர்ந்த சரிவுகளுக்குக் கொண்டு சென்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தைமாத விடியலிற் புல்நுனியிலே பனி உறைந்து கிடப்பதுண்டு. வெயிலிற் பிறந்த மக்களுக்கு அக்குளிரிலே துணையாயிருந்தது ஒரு முரட்டுக் கறுப்புக் கம்பளியே. அதனையும் தோட்டம் இலவசமாகத் தந்ததில்லை; அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது.

புது நூல் வாங்கும் வசதி எமக்கில்லை. ஹட்டன் கடைவீதியிற் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கிழிந்த சுவெட்டர்களை வாங்கிவந்து, தையலை வெட்டி, நுனி நூலைக் கண்டுபிடித்து இழுப்போம். வரிசை வரிசையாக அது அவிழும். அவிழ்ந்த நூல் பழைய வளைவுகளை மறவாது சுருண்டு நிற்கும். அதனைச் சிட்டமாகச் சுற்றி, வெந்நீரில் நனைத்து, அடியிலே ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், உலரும்போது நிமிர்ந்துவிடும். பின்னர் அதனைப் பந்தாக உருட்டுவது என் வேலை. பத்து வயதிற்குள் நானும் பின்னக் கற்றுக்கொண்டேன். ஒரு கண்ணியை முன்னாலும் அடுத்ததைப் பின்னாலும் எடுத்துப் பின்னினால் விளிம்பு நெகிழ்ந்து கொடுக்கும். ஒரு கண்ணி நழுவினால் அதன் கீழுள்ளவை யாவும் ஏணிபோல் இறங்கும். இவற்றையெல்லாம் ஏட்டிற் படித்தல் இயலாது, கை படிக்கவேண்டும்.

1993 ஆம் ஆண்டு நம் கல்லூரி விடுதியிற் சேர்வதற்காக ஹட்டனில் இரவுத் தபால் வண்டி ஏறினேன். தாயார் பின்னிய நீலச் சுவெட்டர் என் உடலில் இருந்தது. விடிந்து மலையிறங்கியதும் அது வேண்டாததாயிற்று. விடுதியில் அதனை மடித்துத் தலையணையாக வைத்துக்கொண்டேன். அதிலே எங்கள் அடுப்பில் எரியும் தேயிலை மிலாற்றின் புகைமணம் பல மாதங்கள் இருந்தது. நான் வளர வளர, விடுமுறைதோறும் தாயார் அதனை முழுவதும் அவிழ்த்து, கிடைத்த நிறத்து நூலைச் சேர்த்துப் பெரிதாகப் பின்னித் தருவார். அதனால் அந்நீலத்திலே முதலில் ஒரு சாம்பற் பட்டையும் பின்னர் ஒரு சிவப்புப் பட்டையும் ஏறின.

1996 இல் எம் வகுப்பு மாணவர் நுவரெலியாவுக்கும் ஹக்கலைப் பூங்காவுக்கும் சுற்றுலா சென்றோம். பேருந்து ஹட்டனைக் கடந்து தலவாக்கலை வீதியில் ஏறியபோது, எங்கள் தோட்டத்தின் சரிவு யன்னலுக்கு நேரே வந்தது. தலையிற் கொங்காணியும் இடுப்பிற் படங்குமாகப் பெண்கள் கொழுந்தெடுத்து நின்றனர். அவர்களுள் ஒருவர் என் சித்தியாக இருந்திருக்கலாம். நண்பர்கள் ஆரவாரித்துக் கையசைத்தனர். நான் மட்டும் மறுபக்கம் திரும்பி இருந்தேன்.

நுவரெலியாவில் இறங்கியதும் எல்லோரும் நடுங்கினர், நான் நடுங்கவில்லை. அருகில் நின்ற நண்பரொருவர் என் சுவெட்டரைத் தொட்டுப் பார்த்து, "நல்லாயிருக்குதடா, எங்க வாங்கினனீ?" என்றார். அதிலே ஏளனம் சிறிதுமில்லை, வியப்பே இருந்தது. "இங்கதான், நுவரெலியாக் கடையில" என்றேன். அவர் நம்பினார். கடை எதுவெனக் கேட்டு, தமக்கும் ஒன்று வாங்க விரும்பினார். அன்று பூட்டியிருக்கும் என மற்றொரு பொய்யும் சொன்னேன்.

எவரும் என்னை இழிவுபடுத்தவில்லை. என்னை நானே இழிவுபடுத்திக்கொண்டேன். அடுத்த விடுமுறையிற் சுவெட்டரை அவிழ்த்துத் தரும்படி தாயார் கேட்டபோது, "இனி வேண்டாம், அம்மா" என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. அதன்பின் நானும் ஊசியைத் தொடவில்லை.

காலம் கழிந்தது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, தோட்டப் பாடசாலையொன்றிலே தமிழாசிரியனானேன். 2022 ஆம் ஆண்டு நாடு பட்ட துன்பத்தை யாவரும் அறிவர். பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் அண்டையிலிருந்தும் நாங்களும் இருளிலே இருந்தோம். எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு நீண்ட வரிசை. மூலையிற் கிடந்த பழைய அடுப்பை மூட்டி, மீண்டும் மிலாறு எரிக்கத் தொடங்கினோம்.

அவ்விருளில் ஒருநாள், அடுப்பின் ஒளியிலே தாயார் என் மகளுக்கு ஒரு குளிர்த்தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது, கண்ணிகள் நழுவின. மூன்று தடவை அவிழ்த்துப் பின்னியபின், "எனக்குக் கண்ணு புடிபடல தம்பி, நீ முடிச்சிரு" என்று ஊசிகளை என்னிடம் நீட்டினார். அவை அதே குடைக்கம்பிகள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தொடாத கைகள் தடுமாறும் என எண்ணினேன். முதல் வரிசை தடுமாறியது. இரண்டாம் வரிசையிற் கை தானாகவே நடந்தது. நான் மறந்ததைக் கை மறக்கவில்லை. தாயார் பேசாமல் நூற்பந்தை உருட்டித் தந்துகொண்டிருந்தார். பழைய நாளில் அது என் வேலையன்றோ!

அன்றுமுதல் மாலைதோறும் பின்னுகின்றேன். வெளியே மூடுபனி இறங்கும். பீலியில் நீர் விழும் ஓசை மட்டும் கேட்கும். அடுப்பிலே ரொட்டி வேகும். அம்மியில் அரைத்த சம்பலின் உறைப்பும் சாயத் தேநீரின் சூடும் உடலில் இறங்கும். இவை சிறிய சுகங்களே. ஆயினும், எளிமையைப் புகழ்கின்றேன் என எவரும் கருதற்க. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் ஒடுங்கிக் கிடப்பது எளிமையன்று, அது இல்லாமை. மழைக்காலத்தில் ஒரே சுவெட்டரை அண்ணனும் தங்கையும் முறைவைத்து அணிந்து, நாள்விட்டு நாள் பாடசாலைக்கு வருவதை நான் கண்டிருக்கின்றேன். அவ்விருவருள் இளையவளுக்கே நான் முதலில் ஒரு சட்டை பின்னிக் கொடுத்தேன். மறுவாரம் இருவரும் ஒன்றாக வந்தனர். என் வருகைப் பதிவேட்டில் அதனினும் இனிய பக்கம் இல்லை.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை வகுப்பிற் கற்பிக்கும் நாளும் வரும். அவனும் மலைநாட்டுத் தலைவனே. சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அவனைப் போற்றுகின்றது. "சேர், அந்தப் போர்வைய நெஞ்சது யாரு?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் திகைத்துப் போனேன். ஈந்தவன் பெயரைப் புலவர் பாடினார்; நெய்த கையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. 1996 இல் நான் செய்ததும் அதுவேயன்றோ? புலவர் நெய்தவரை அறியாதிருந்திருக்கலாம். நானோ அறிந்தே மறைத்தேன்.

மலையிலிருந்து இறங்கி நம் கல்லூரி போன்ற இடங்களுக்குக் கற்கச் செல்லும் மாணவர் இன்று பலர். அவர்கள் செல்லட்டும், உயரட்டும். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: உங்கள் உடலிற் சூடு தந்த கை எதுவென எவரேனும் கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்.

அன்று நுவரெலியாவிலே என்னைக் கேட்ட நண்பர் இம்மலரைப் படிக்கக்கூடும். அவர் எந்நாட்டில் இருந்தாலும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிந்திய விடையை ஏற்றருள்வாராக. நண்பரே, அச்சட்டை எந்தக் கடையிலும் வாங்கியதன்று. பிள்ளைமடுவத்து ஏணையைக் காலால் ஆட்டியபடி, குடைக்கம்பியால் என் தாயார் பின்னியது. உங்களுக்கும் ஒன்று வேண்டுமென்றீர்கள்; அளவை எழுதி அனுப்புங்கள். தாயாருக்கு இப்போது கண் தெளிவில்லை. நான் பின்னித் தருகின்றேன். நூற்பந்தை அவர் உருட்டுவார்.