காம்பு ஊறட்டும்

தோட்டத்து லயத்தில் கத்தி இல்லாத வீடு கிடையாது. கோடாலி அப்படியல்ல. விலையும் கூட, வைத்துக் காப்பாற்றவும் தெரிய வேண்டும். அதனால் ஒரு லயத்துக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் இருக்கும். மற்றவர்கள் இரவல் வாங்கிக்கொள்வார்கள். உப்பும் புளியும் இரவல் கேட்டால் வீட்டுப் பெண்கள் ஏனம் நிறையக் கொடுத்துவிடுவார்கள். கோடாலியைக் கேட்டால் மட்டும் வீட்டுப் பெரியவர் வெளியே வந்து, கேட்டவன் முகத்தை ஒருமுறை பார்ப்பார்.

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்தில் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அப்படி முகம் பார்த்துக் கொடுத்தவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவோம். எங்களுக்கு அவர் எந்த உறவும் கிடையாது. தோட்டத்தில் உறவுமுறைக்கு ரத்தமா வேண்டும்? அடுத்த கதவில் இருந்தால் போதும்.

அது மறுநடவுக் காலம். 1952இல் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் வந்த பிறகு கெடா முழுக்கக் கிழட்டுப் பால்மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று போட்டார்கள். முப்பது வருஷம் பால் கொடுத்த மரத்துக்கு அடிப்பட்டையில் மருந்து தடவுவார்கள். இலை உதிர்ந்து, மரம் நின்றபடியே சாகும். பிறகு குத்தகை ஆட்கள் வந்து சாய்ப்பார்கள். நல்ல கட்டையெல்லாம் ஷீட்டு ரப்பரைப் புகை போட்டுக் காயவைக்கும் புகைக்கூடத்துக்குப் போகும். மிச்சத்தை லயத்துக்காரர்கள் அடுப்புக்குப் பொறுக்கிக்கொள்ளலாம். அன்றைக்கு நாங்கள் அடுப்பில் வைத்து எரித்த அதே மரத்தில் செய்த நாற்காலியைத்தான் இப்போது என் மருமகள் சுங்கை பட்டாணியில் தவணை கட்டி வாங்கி வைத்திருக்கிறாள். உட்கார வசதியாகத்தான் இருக்கிறது.

கட்டை பிளக்கப் பெரியப்பாதான் கற்றுக்கொடுத்தார். கட்டையைத் தரையில் வைக்காதே, இன்னொரு கட்டைமேல் நிறுத்து. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று பார். தூக்குவது மட்டும்தான் உன் வேலை, இறங்குவதைக் கோடாலி பார்த்துக்கொள்ளும். ஈர மரம் என்றால் பால் ஒட்டும், மண்ணெண்ணெய்த் துணியால் துடை. காம்புக்குக் கொய்யா மரம். காம்பு ஆடினால் ஆணி அடிக்காதே, ராத்திரி தலையோடு வாளித் தண்ணீரில் போடு. மரம் ஊறி இறுகிக்கொள்ளும்.

எனக்கு அப்போது மீசை அரும்பும் வயசு. கையில் கோடாலி இருந்தால் மார்பு தானாக நிமிரும். லயத்துப் பிள்ளைகள் யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓங்குவேன். பெரியப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “கட்டையப் பாருடா, அது ஒன்னும் உன்னப் பாக்கல” என்பார்.

தமிழ்ப்பள்ளியில் விறகுவெட்டியின் கதையைப் படித்துவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். ஆற்றில் இரும்புக் கோடாலி விழ, தேவதை முதலில் தங்கக் கோடாலியைக் காட்ட, என்னுடையது இல்லை என்று அவன் மறுத்த கதை. கிரேக்கத்து ஈசாப்பு சொன்னதாக வழங்குவது. நம் பாடப்புத்தகத்துக்கு வந்து நம்மூர்க் கதை ஆகிவிட்டது. வாத்தியார் அவன் நேர்மையைப் புகழ்ந்திருந்தார். பெரியப்பாவுக்கு அதில் அவ்வளவு வியப்பில்லை. “தங்கம் மெத்துன்னு இருக்கும்டா. அதுல கோடாலி செஞ்சா நாலு அடியில வாய் மடங்கிப் போகும். தொழில் தெரிஞ்சவன், அதான் வேணாம்னான்” என்றார். இன்றுவரை அந்தக் கதைக்கு இதைவிட நல்ல உரை நான் கேட்டதில்லை.

ஒரு ராத்திரி. சம்பளம் போட்ட நாள் என்று நினைவு. பின் லயத்துக்காரர் ஒருவர், பெரியப்பாவைவிட இளையவர், வேர்த்து விறுவிறுத்து வந்து வாசலில் நின்றார். கோழியில் தொடங்கி வேலித் தகராறாகி, அதுவும் முற்றி, அண்ணன் தம்பிக்குள் கை கலந்துவிட்டிருந்தது என்று மறுநாள்தான் எங்களுக்குத் தெரியும்.

“அண்ணே, கோடாலியக் கொஞ்சம் குடுங்க.”

“இந்நேரத்துல என்னத்த வெட்டப் போற தம்பி?”

“வெறகு.”

பெரியப்பா அவர் முகத்தைப் பார்த்தார். “குடுக்கலாம் தம்பி. காம்பு ஆடுது, ஊறப் போட்டிருக்கேன். இப்ப எடுத்தா தலை கழண்டு உன் கால்லயே விழும். காலையில வா” என்றார். பெரியம்மா உள்ளேயிருந்து கோப்பி போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. கோப்பியை மட்டும் நின்றபடியே குடித்தார். சூடாக இருந்ததால் குடித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் பெரியப்பா கொல்லைப்பக்கம் போய், கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த கோடாலியை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டார். அன்று சாயங்காலம்தான் அதைக் கொண்டு நான் கட்டை பிளந்திருந்தேன். காம்பில் ஆட்டம் இல்லை. “பெரியப்பா, பொய்தானே சொன்னீங்க?” என்று கேட்டேன். “இப்ப ஊறுதா இல்லியா?” என்றார்.

காலையில் அந்த ஆள் வரவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அண்ணனும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பெரியப்பா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஆனால் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பெரியபுராணக் கதை சொன்னால் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். நாயன்மார் கதைகளில் மழு என்கிற கோடாலி ஏந்திய இருவர் முக்கியமானவர்கள். இருவர் கதையும் கோபத்தின் கதை.

ஒருவர் சேய்ஞலூர் விசாரசருமர். மாடு மேய்க்கும் பிள்ளை. மண்ணில் லிங்கம் பிடித்துப் பால் ஊற்றிப் பூசை செய்கிறார். தகப்பன் எச்சதத்தன் வந்து பால்குடத்தைக் காலால் இடறிவிட, மகன் பக்கத்தில் கிடந்த கோலை எடுக்கிறார். அது மழுவாகிறது. தந்தையின் கால்களை வெட்டிவிடுகிறார். பிறகுதான் சண்டேசுரப் பதவி. இன்னொருவர் கருவூர் எறிபத்தர். சிவகாமியாண்டார் பூசைக்குக் கொண்டுபோன பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிதறடித்துவிட, மழுவோடு துரத்திப் போய் யானையையும் கூட வந்த ஐந்து பேரையும் வெட்டிச் சாய்க்கிறார். புகழ்ச்சோழர் படையோடு கொதித்து வருகிறார். வந்தவர், எதிரே நிற்பவர் சிவனடியார் என்று கண்டதும், காரணமில்லாமல் இவர் செய்திருக்க மாட்டாரே என்று குதிரையைவிட்டு இறங்கிவிடுகிறார். கேட்டுத் தெரிந்துகொண்டு, குற்றம் என்னுடையது, என்னையும் வெட்டுங்கள் என்று தன் வாளை நீட்டுகிறார். எறிபத்தர் அந்த வாளை வாங்கித் தன் கழுத்திலேயே வைத்துக்கொள்கிறார். கடைசியில் யானை உட்பட எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்.

சிறு வயதில் எனக்கு யானையை வெட்டும் இடம்தான் பிடிக்கும். இப்போது படித்தால் கண் அரசர் குதிரையைவிட்டு இறங்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. சேய்ஞலூரில் அப்படி இறங்கி நின்று கேட்க ஒருவரும் இல்லை. தகப்பனும் கேட்கவில்லை, மகனும் பொறுக்கவில்லை. சாமி வந்துதான் சரி செய்ய வேண்டியிருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தமிழ்நாட்டுக்குப் போனபோது கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தச் சண்டேசுரரைப் பார்த்தேன். சிவபெருமான் உமையோடு அமர்ந்து, கீழே இருக்கும் பிள்ளையின் தலையில் பூமாலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மற்றக் கோயில்களில் சண்டேசுரர் மழுவைத் தோளில் சாய்த்துக்கொண்டிருப்பார். இங்கே இரண்டு கையும் கூப்பியிருக்கின்றன. அந்த முகத்தில் கோபத்தின் சுவடு கூட இல்லை. இராசேந்திர சோழன் தனக்கே இறைவன் முடிசூட்டுவதாக எண்ணிச் செய்வித்த சிற்பம் இது என்று சொல்வாரும் உண்டு. 1025இல் கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றவன் அவன்தான். அந்தக் கடாரம் எங்கள் கெடா. வழிகாட்டி கடாரம் கொண்டான் என்று பெருமையாகச் சொன்னபோது, கொள்ளப்பட்ட ஊர்க்காரனாக நான் ஒருவன் கூட்டத்தில் நிற்பதை அவர் அறியவில்லை. நானும் சொல்லவில்லை.

மரம் வெட்டுவதற்கே நம் முன்னோர் ஒரு ராத்திரி ஒதுக்கியிருந்தார்கள் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் செய்த பிருகத் சம்கிதையில் சாமி சிலைக்கு மரம் எடுக்கும் முறை வருகிறது. இரவில் மரத்துக்குப் பூசை செய்து, அதில் குடியிருக்கும் பூதங்களை வேறு இடத்துக்குப் போகும்படி வேண்டிக்கொள்ள வேண்டும். விடிந்த பிறகுதான் மரத்துக்கு நீர் தெளித்து, தேனும் நெய்யும் தடவிய கோடாலியால் முதல் வெட்டு. மலாய்க்காரர்களிடமும் காட்டு மரத்தைத் தொடுமுன் அதன் காவல் ஆவியிடம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. அதற்கென்றே பாவாங் என்கிற பெரியவரைக் கூட்டிப் போவார்கள். ரப்பர் போடக் காட்டை அழித்த நாளில் எந்தத் துரை எந்த மரத்திடம் சொல்லிக்கொண்டார் என்று தெரியவில்லை.

கோடாலிமேல் மனிதனுக்கு இருந்த பயபக்தி ரொம்பப் பழையது. கம்பத்து மலாய்க் கிழவர்கள் சிலர் வழுவழுப்பான சின்னக் கல் ஒன்றைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். பத்து லிந்தார் என்பார்கள். இடி விழுந்த இடத்தில் மண்ணுக்குள் கிடைப்பது, வீட்டுக்குக் காவல் என்று நம்பிக்கை. அவை உண்மையில் புதிய கற்கால மனிதர் தேய்த்துச் செய்த கோடாலிகள். ஐரோப்பாவிலும் இதே இடிக்கல் நம்பிக்கை இருந்திருக்கிறது. 1863இல் சென்னைப் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடாரி இன்னும் பழையது. அதிலிருந்துதான் இந்தியாவின் பழைய கற்காலத்தை எழுதத் தொடங்கினார்கள். 2006இல் மயிலாடுதுறைப் பக்கம் செம்பியன் கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தன் வீட்டுக் கொல்லையில் கன்று வைக்கக் குழி தோண்டியபோது கற்கோடாரி கிடைத்தது. அதில் சிந்துவெளிக் குறிகளைக் கண்டதாக ஐராவதம் மகாதேவன் சொன்னார். எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. எனக்கு அந்த ஆசிரியரைத்தான் பிடித்திருக்கிறது. மண்வெட்டியில் கல் பட்டதும் எடுத்து வேலிக்கு வெளியே எறியாமல், கழுவிப் பார்த்திருக்கிறாரே!

எங்கள் பக்கத்திலும் அப்படிப் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. ஜெராய் மலை அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. 1936, 37இல் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவியும் அங்கே தோண்டி வரிசையாகக் கோயில் அடித்தளங்களைக் கண்டார்கள். பின்னால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலைகளும், துருத்திக் காற்று போன களிமண் குழாய்களும், குவியல் குவியலாகக் கசடும் வெளிவந்தன. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளிலேயே அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். நாங்கள் பால் வெட்டிய மண்ணுக்குப் பக்கத்து மண். பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால், “அதான் இங்க கத்தி சீக்கிரம் மழுங்கல” என்று ஏதாவது சொல்லியிருப்பார்.

அதே வட்டாரத்தில் சண்டி எண் 11 என்று ஒன்று இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கோயிலின் எச்சம். தோட்டமாக இருந்தவரை அது பாட்டுக்குக் கிடந்தது. நிலம் வீடு கட்டக் கைமாறியதும் மண்வாரி இயந்திரம் வந்தது. 2013 டிசம்பரில் செய்தி வெளியானபோது இடிந்து முடிந்திருந்தது. யாருக்கும் அதன்மேல் கோபம் இல்லை, பகையும் இல்லை. காலையில் வா என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான். அதற்குப் பிறகு நாடு முழுக்கக் கூச்சல். யார் பொறுப்பு என்று அரசாங்கத்தாரும் நிலம் வாங்கியவரும் மாறிமாறிப் பேசினார்கள். இடித்தது இடித்ததுதான்.

நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. பதிவாகிய இடத்தை அனுமதியில்லாமல் தொட்டால் தண்டனை உண்டு. பதிவாகாத இடத்துக்கு அந்தக் காவல் முழுசாகக் கிடைக்காது. ஆகவே கெடாவில் இருக்கிற நம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பூஜாங் பள்ளத்தாக்கில் இருக்கும் மெர்போக் அருங்காட்சியகத்தையும் சுங்கை பத்துவையும் ஒரு விடுமுறையில் போய்ப் பாருங்கள். உங்கள் பழைய தோட்டம் கைமாறப்போகிறது என்று கேள்விப்பட்டால், அங்கே செங்கல் மேடோ, பழைய கோயிலோ, பெயர் வெட்டிய கல்லோ இருந்தால், இயந்திரம் வருமுன் மாவட்ட நில அலுவலகத்துக்கும் தேசிய மரபுடைமைத் துறைக்கும் ஒரு கடிதம் போடுங்கள். கடிதம் மலாயில் இருக்கட்டும். இடத்தின் பெயரையும் நாலு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.