பலூனின் முதல் மூச்சு

பொள்ளாச்சியில் 2015இல் தொடங்கிய வெப்பக்காற்று பலூன் திருவிழாவைக் காணச் செல்வோர், வானத்துக்கு முன் தரையை நோக்க வேண்டும். வைகறையில் பலூன் துணி புல்வெளியில் நீண்டு கிடக்கும். இருவர் அதன் வாயை விரித்துப் பிடிக்க, பெட்ரோலில் இயங்கும் விசிறி ஒன்று குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தும். துவண்ட துணியருகே நெருப்பைக் காட்டினால் கருகிவிடும் அன்றோ? துணி புடைத்த பின்னரே எரிவாயுச் சுடர் பாயும். உட்காற்று சூடேறி இலேசாக, பலூன் நிமிர்ந்தெழும்.

1783 ஜூன் 4 அன்று மான்கோல்ஃபியே சகோதரர்கள் ஊரார் முன்னிலையில் பலூனைப் பறக்கவிட்ட பிரான்சின் அன்னோனே நகரும், நம் ஆம்பூரைப் போலத் தோல் பதனிட்ட ஊரே. ஆம்பூர்க் காலணிகள் கடல் கடப்பதும் கண்ணில் படாத கைகளால்தான். வானில் எழும் பலூனைக் காட்டும்போது, தரையில் அதன் வாயைப் பிடித்து நின்றோரையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.