தண்ணீர் வடிந்த ஊருக்கு ஒரு கிறிஸ்துமஸ் பயணம்

தாம்பரத்திலிருந்து நாசரேத்துக்குச் சாலை வழியாகப் போனால் 600 கிலோமீட்டருக்குக் குறையாது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் போவதில்லை. செந்தூர் எக்ஸ்பிரஸ்ஸில் சாயந்திரம் ஏறிப் படுத்தால் காலையில் நாசரேத் ஸ்டேஷன். ஆகஸ்டிலேயே டிக்கெட் எடுத்து வைக்க முடிந்த அந்த நாட்களில் கிறிஸ்துமஸுக்கு ஊர் போய்ச் சேர்வது ஒரு விஷயமாகவே இருக்கவில்லை.

2023 டிசம்பரில் அந்த ரயில் ஓடவில்லை. 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழை உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்! தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதில் பலர் இரண்டு இரவு அங்கேயே கிடந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள் தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதே அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அதே ரயிலில்தான் நாங்கள் 22-ஆம் தேதி போக இருந்தோம்.

எங்களுக்கும் அந்த மாதம் சுகமாக இல்லை. 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். வீட்டைக் கழுவி, மெத்தையைக் காய வைத்து, "அப்பாடா" என்று நிமிர்வதற்குள் ஊரில் இந்த வெள்ளம். 17 ராத்திரி அண்ணனோடு பேசியதுதான். அதற்குப் பிறகு மூன்று நாள் போனே போகவில்லை. டவர் இல்லை, கரண்ட் இல்லை. டி.வி.யில் ஏரல் பாலத்தையும் தாமிரபரணியையும் காட்டிக் காட்டி என் வயிற்றைக் கலக்கினார்கள். சோறு இறங்கவில்லை.

20-ஆம் தேதி சாயந்திரம் அண்ணன் எங்கோ மேட்டில் ஏறி நின்று பேசினார். "எல்லாரும் உயிரோட இருக்கோம். வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்து வடிஞ்சிருச்சு. அம்மாவ மாடியில ஏத்தி வச்சிருந்தோம். பிரிட்ஜு போச்சு. ஊசி மருந்துதான் இன்னும் நாலு நாளைக்கு வரும்."

அம்மாவுக்கு 74 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. காலையிலும் ராத்திரியிலும் இன்சுலின் போட்டே ஆகவேண்டும். அக்கம்பக்கத்து மருந்துக் கடைகளிலும் தண்ணீர் புகுந்து, பிரிட்ஜ் ஓடாமல், "கெட்டுப்போன மருந்தக் கொடுத்துப் பாவத்தக் கட்டிக்க மாட்டோம்" என்று விற்க மறுத்துவிட்டார்களாம். நல்ல மனுஷர்கள். ஆனால் அம்மாவுக்கு மருந்து வேண்டுமே! கூரியர்க்காரர் ஒருவரிடம் கேட்டதற்கு, எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார். என்னவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும். சனிக்கிழமை விடியக்காலையில் காரை எடுத்துடலாம்" என்றார்.

இன்சுலினை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் முதல் கவலை. எங்கள் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். இன்சுலினுக்கு வெயிலும் ஆகாது, உறைபனியும் ஆகாது. ஒரு தரம் உறைந்துபோனால், திரும்ப இளகி நன்றாகத் தெரிந்தாலும் வீசிவிட வேண்டியதுதான். அதனால் ஐஸ் மேல் நேரடியாக வைக்கக் கூடாது. அகன்ற வாய் ஃபிளாஸ்க்கில் அடியில் ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டிப் போட்டேன். அதன் மேல் மடித்த துண்டு. அதன் மேல் மருந்துக் குப்பிகளை அட்டைப்பெட்டியோடு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடினேன். ஃபிளாஸ்க்கை டிக்கியில் வைக்காமல், வெயில் படாமல் என் காலடியில் வைத்துக்கொண்டேன். ஐஸ் கரையக் கரைய வழியில் மாற்றிக்கொள்ள வேண்டியது.

மற்றபடி வண்டி முழுக்கச் சாமான். அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, டார்ச், கொசுவர்த்தி, ப்ளீச்சிங் பவுடர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள், பினாயில். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ள நிவாரணம் என்றதும் எங்கள் குடியிருப்பில் சிலர் கிழிந்த புடவையும் பொத்தான் இல்லாத சட்டையும் கொண்டுவந்து குவித்தார்கள். தண்ணீரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் பிச்சைக்காரர்கள் இல்லை, சகோதரிகளே! நான் அதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புது நைட்டி, உள்பாவாடை, உள்ளாடைகள், மாதவிலக்கு நாப்கின்கள், குழந்தைகளுக்கு ஜட்டி என்று வாங்கிக்கொண்டேன். இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்கப் பெண்களுக்குக் கூச்சம். கேட்காமலே கொடுப்பதுதான் அழகு.

23-ஆம் தேதி மூன்று மணிக்குப் புறப்பட்டோம். விடுமுறைக்கு ஊர் போகிற கூட்டம் அந்த நேரத்திலேயே வண்டலூரில் ஆரம்பித்துவிட்டது. பரனூர் சுங்கச்சாவடி தாண்டிய பிறகுதான் கார் கார் மாதிரி ஓடிற்று. என் பெண்ணுக்கு வண்டியில் வாந்தி வரும். வெறும் வயிற்றோடும் ஏற்றக்கூடாது, வயிறு முட்டவும் கூடாது. இரண்டு இட்லி போதும். போனையும் புத்தகத்தையும் பிடுங்கி வைத்துவிட்டு, நேரே தூரத்தைப் பார்க்கச் சொன்னேன். கையில் ஒரு துண்டு இஞ்சி மரப்பா. இந்தத் தடவை மதுரை வரைக்கும் தொந்தரவில்லை.

இரண்டு மணிக்கொரு தரம் நிறுத்தி எல்லோரும் பத்து நிமிஷம் நடந்தோம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எட்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது நல்லதில்லை, ரத்தம் கட்டிக்கொள்ளும். பெண்களில் பலர் கழிவறைக்குப் பயந்து வழியெல்லாம் தண்ணீரே குடிப்பதில்லை. அது அதைவிடக் கெடுதல். பெரிய பெட்ரோல் பங்க்குகளில் கேட்டால் சாவி தருகிறார்கள். எல்லாமே சுத்தம் என்று சொல்ல மாட்டேன்; ஒரு வாளியும் பினாயிலும் நம் கையில் இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம்.

உளுந்தூர்பேட்டை தாண்டிக் கிழக்கு வெளுத்தது. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் காடு. காவிரிப் பாலத்தில் போகும்போது மலைக்கோட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். திருச்சியில் ஒரு தரம் ஐஸ் மாற்றினேன். மேலூர்ப் பக்கம் ஒரு குளிர்பானக் கடையில் மறுபடி. "எதுக்கும்மா இவ்வளவு ஐஸு, மீனா?" என்று கேட்டார் கடைக்காரர். விஷயத்தைச் சொன்னதும், ஐஸைத் துணியில் சுற்றித் தன் கையாலேயே உடைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "ஆத்தா நல்லாருக்கணும்" என்றார்.

மதுரைக்குத் தெற்கே சாலையின் முகமே வேறாக இருந்தது. "வெள்ள நிவாரணப் பொருள்" என்று துணி கட்டிய லாரிகளும் வேன்களும் வரிசையாக எங்களோடு வந்தன. பள்ளிவாசல் பேர் போட்டது, கோயில் பேர் போட்டது, கல்லூரிப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தது. வழக்கமாகச் சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலை மிட்டாய் என்று இறங்கி இறங்கி வாங்குகிற பேர்வழி நான். அன்றைக்கு எங்கேயும் இறங்க மனசில்லை. கடலை மிட்டாய் மட்டும் இருபது பாக்கெட் வாங்கினோம். கெடாது, பசிக்கும் ஆகும். கயத்தாற்றில் கட்டபொம்மன் மணிமண்டபத்தைக்கூட வண்டிக்குள்ளிருந்தே காட்டினேன். 1799-இல் அவரைத் தூக்கிலிட்ட ஊர் என்று பையன் படித்திருக்கிறான்.

திருநெல்வேலிக்கு வெளியே டீக்கடையில், நாசரேத்துக்கு எந்த வழி என்று கேட்டோம். "ஆத்தோரமாப் போகாதீங்க சார், ரோடு எங்க அறுத்திருக்குன்னே தெரியாது. நாங்குநேரி போயி, சாத்தான்குளம் சுத்திப் போங்க" என்றார் ஒரு லாரி டிரைவர். சுற்று வழிதான், ஆனால் அந்த யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது.

நாங்குநேரியில் பெரிய சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் பனை மரங்களும் சிவந்த மண்ணும்தான். எப்போதும் தாகத்தோடு கிடக்கிற பூமி. அன்று இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நாங்கள். சில இடங்களில் தார் போய் ஜல்லி மட்டும் இருந்தது. பையன் முன்னால் இறங்கி நடந்து ஆழம் பார்க்க, என்னவர் நத்தை மாதிரி ஓட்டினார். ஒரு வளைவில் வாழைத்தோட்டம் முழுவதும், சீப்பால் வாரியதுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பொங்கலுக்கு வெட்ட வேண்டிய தார்கள். தோட்டக்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து, வழி இருக்கிறது, போங்கள் என்று கையைக் காட்டினார்.

நாங்கள் வீடு சேர்ந்தபோது மணி ஐந்து. பதினான்கு மணி நேரப் பயணம்! ஃபிளாஸ்க்கைத் திறந்து பார்த்தேன். ஐஸ் பாதி இருந்தது, குப்பிகள் சில்லென்று, உறையாமல் இருந்தன. மதினி அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. முகத்தைத் திருப்பி முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அந்த மூன்று நாளும் அம்மாவை மாடியில் வைத்துக்கொண்டு, ஊசி போடும்போதெல்லாம் வேளைக்கு ஒரு கைப்பிடிச் சோறாவது கண்டுபிடித்துப் போட்டவள் அவள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு கிடைக்காமல் போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். மடியில் ஒரு துண்டு கருப்பட்டி முடிந்தே வைத்திருந்தாளாம்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து, "வந்திட்டியா மக்கா? ரோட்டுல தண்ணியாமே, எதுக்குப் பிள்ளைகளையும் இழுத்துக்கிட்டு வந்தே?" என்று ஏசினாள். ஏசுகிற தெம்பு இருந்ததே, அது போதும் எனக்கு!

கரண்ட் இன்னும் வரவில்லை. மருந்தை எங்கே வைப்பது? பெரிய மண்பானைக்குள் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, சின்னதற்குள் மருந்து டப்பாவை வைத்து ஈரத்துணியால் மூடினோம். மணல் காயாமல் நாளுக்கு மூன்று தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிரிட்ஜ் அளவுக்குக் குளிராது. ஆனால் டிசம்பர் மாதத்தில் சில நாட்கள் சமாளிக்க அது போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். திறந்து உபயோகத்தில் இருக்கிற குப்பி சூடில்லாத அறையில் பெரும்பாலும் நாலு வாரம் தாங்கும். மருந்துக்கு மருந்து மாறுபடுவதால் உள்ளே இருக்கும் தாளைப் படித்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்குச் சுகாதார ஆய்வாளர் சொன்ன அளவில் ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். ஆனாலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுத்தோம்.

24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் துடைப்பத்தோடு கோயிலில் இருந்தோம். (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்.) தரையில் ஒரு சாண் வண்டல். பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டு ஆண்கள் கழுவினார்கள். நனைந்த வேதாகமங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் கொடியில் விரித்துக் காயப்போட்டோம். நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1876-இல் வந்து பள்ளிக்கூடமும் தொழிற்கல்வியும் வைத்தியமும் வளர்த்த கதையை அம்மா பிள்ளைகளுக்குச் சொல்வாள். பஞ்சத்திலும் காலராவிலும்தான் இந்த ஊர்க் கோயில்கள் வளர்ந்தன என்பாள். அன்று பிள்ளைகள் கதை கேட்கவில்லை, மண் அள்ளினார்கள்.

அச்சு முறுக்கு இல்லை, முந்திரிக்கொத்து இல்லை. மாவு, வெல்லம், எண்ணெய் எல்லாம் தண்ணீரோடு போயிருந்தது. நட்சத்திரம் மட்டும் இருந்தது. ஊர்ப் பையன்கள் மூங்கில் சிம்பைக் கட்டி, நிவாரண லாரியில் வந்த பிஸ்கட் அட்டையையும் வண்ணத்தாளையும் ஒட்டி, உள்ளே டார்ச்சைத் தொங்கவிட்டிருந்தார்கள். 25 விடியக்காலை நாலு மணி ஆராதனை. மைக் இல்லை, ஆர்கன் நனைந்துவிட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெறும் குரலில் பாடினோம். அம்மாவை அண்ணனும் என்னவரும் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மத்தியானம் கோயில் வாசலில் பெரிய அண்டாவில் சாம்பார் சாதம். மேலத்தெரு, கீழத்தெரு, அம்மன் கோயில் தெரு எல்லாரும் ஒரே பந்தி. வழக்கமாக வீட்டுக்கு வீடு பிரியாணி மணக்கிற நாள். ஆனாலும் என் பெண் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

27-ஆம் தேதி கிளம்பும்போது அம்மாவைச் சென்னைக்கு அழைத்தேன். "வீடு காயட்டும், ரெண்டு மாசம் எங்களோட இரும்மா." அம்மா சிரித்தாள். "உன் வீட்டுலயும்தான தண்ணி வந்துச்சு? இங்க வந்த தண்ணிக்கு மேல ஏற மாடி இருக்கு. அங்க எதுல ஏறுவ?" எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் வீடு தரைத்தளம். மதினியும் "அத்தைய நான் பாத்துக்கிடுதேன், நீங்க மருந்த மட்டும் மாசாமாசம் பாத்து அனுப்புங்க" என்றாள்.

ஃபிளாஸ்க்கை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.