பனிச்சரிவும் மனிதனும்

பனிச்சரிவு என்றவுடன், மலைமுடியினின்று தானே பெயர்ந்துவந்து கீழே நிற்பவனை விழுங்கும் பூதமொன்றே பலரின் மனக்கண்முன் தோன்றும். அல்ப்சு மலைவாசிகளும் நெடுங்காலம் அதனை அவ்வாறே அஞ்சி வாழ்ந்தனர். சுவிற்சர்லாந்தின் அண்டர்மாற் கிராமத்தார், ஊருக்கு மேலேயுள்ள காட்டை வெட்டலாகாதென 1397 ஆம் ஆண்டிலேயே சாசனம் எழுதிவைத்தனர். அக்காடே அவர்தம் அரண். 1950–51 மாரிகாலத்தில் அந்நாட்டில் மட்டும் 98 பேர் சரிவுகளுக்குப் பலியாயினர். பலர் தம் வீடுகளுக்குள்ளேயே மடிந்தனர்.

இன்று நிலைமை வேறு. சறுக்குப்பலகை பூட்டி, பாதையற்ற மலைச்சாரல்களில் இன்பத்தின் பொருட்டு உலவுவோரே பெரிதும் மாள்கின்றனர். அத்தகைய விபத்துக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பதில், சரிவைக் கிளப்பியவர் மாண்டவரோ அவருடன் சென்றவரோ ஆவர். உறங்கும் பூதத்தை மிதித்து எழுப்புபவன் மனிதனே.

இதன் காரணம் பனியின் அமைப்பிலே கிடக்கின்றது. தாவோசு நகருக்கு மேலே, வைசுபுளூயொக் மலையில், 1936 இல் ஒரு சிறு குடிலில் தொடங்கிய ஆய்வுகள் இதனைத் தெளிவாக்க உதவின. மலைமேற் கிடக்கும் பனி ஒரே பொருளன்று; மாரி முழுவதும் ஏடேடாகப் படிந்த ஒரு சுவடி எனலாம். நிலத்தையொட்டிய பனி உறைநிலைக்கு அண்மையில் இருக்க, மேற்பரப்போ பாகை இருபதுக்குக் கீழே குளிர்ந்துவிடுகின்றது. படிவு மெல்லியதாயின் இவ்வேறுபாடு மிகக் கடுமையாகும். அப்போது நீராவி மேனோக்கி நகர, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத பட்டைமணிகளாக உருமாறுகின்றன. அவற்றின்மீது காற்று கொணர்ந்த பனி இறுகிப் பாளமாகின்றது. சீனியைப் பரப்பி அதன்மேற் பலகையைக் கிடத்திச் சாய்த்தாற் போன்ற நிலை இது. சாய்வு 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்டதாயின், ஒருவனின் பாரமே போதும். பாளம் முழுவதும் ஒருங்கே முறிந்து இறங்கும். சிலவேளை காலடியிற் பனி 'உம்'மென்று அமுங்கும்; விரிசல்கள் ஓடும். மலை இதைவிடத் தெளிவாகப் பேசுவதில்லை.

ஓடும்போது நீர்போற் பாய்ந்த பனி, நின்றவுடன் சீமெந்துபோல் இறுகிவிடும். புதையுண்டவன் விரலையும் அசைக்க இயலாது. பனியினுள்ளே காற்று உண்டு. எனினும் அவன் விடும் மூச்சின் காபனீரொட்சைட்டே அவனைச் சூழ்கின்றது. மூச்சின் ஈரம் முகத்தைச் சுற்றிப் பனிக்கட்டிக் கவசமாகின்றது. முதற் பத்து நிமிடத்துள் மீட்கப்படுவோருட் பத்தில் ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். அரைமணி கழிந்தபின் மூவரில் ஒருவரே எஞ்சுவர். எந்த விமானமும் அதற்குள் வந்துசேர்தல் அரிது. ஆகவே பக்கத்தில் நிற்கும் தோழனே மீட்பன். 457 கிலோகேட்சு அலையில் ஒலிபரப்பும் சிறுகருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும் என்பது இதனாலேயே. தன் கருவி தன்னைக் காவாது. பிறன் கருவியே காக்கும்.

ஆயினும் அறிவுடையோரே மாள்வது ஏன்? அமெரிக்க ஆய்வாளர் இயன் மக்கமன் 600 இற்கு மேற்பட்ட விபத்துக்களை ஆராய்ந்து, பயிற்சி பெற்றோரும் பழகிய சாரலில் அபாயக் குறிகளைப் பொருட்படுத்தாமையைக் கண்டார். 2012 பெப்ரவரி 19 இல், வாசிங்டன் மாநிலத்தின் ஸ்ரீவன்சுக் கணவாய்க்கு அருகே, தேர்ந்த சறுக்குவீரர்கள் நிறைந்த பெருங்குழுவொன்று இறங்கியது, மூவர் மாண்டனர். ஐயங் கொண்டோர் அக்குழுவில் இருந்தனர். ஆயின் இத்தனை வல்லுநர் நடுவே 'வேண்டாம்' என வாய்திறத்தல் எளிதன்று. ஐரோப்பாவில் 1993 முதல் வழங்கும் ஐந்துபடி அபாய அளவையிலும் இம்மயக்கம் உண்டு. மூன்றாம் படி நடுவிலே நிற்பதால் நடுத்தரமெனத் தோன்றுகின்றது. மரணங்களிற் பெரும்பங்கு நிகழ்வதோ அப்படியிலேயாம்.

மலை ஒரு தீய ஆசிரியன். முறியாத சாய்வைக் கடந்தவன், தன் கணிப்புச் சரியென்றே கொள்வான். அது தற்செயலாய் முறியாதிருந்ததெனின் அவனுக்கு உரைப்பார் யார்? இதனாலேயே தேர்ந்த வழிகாட்டிகள், எங்கே திரும்புவதென்பதை முதல்நாள் மாலையில், தேநீர் அருந்தும்போதே முடிவுசெய்துவிடுகின்றனர். ஐயமான சாய்வை ஒருவர்பின் ஒருவராகவே கடப்பர். ஏனையோர் ஒதுக்கிடத்தில் நின்று, செல்பவனை விட்டுக் கண்ணை எடுக்காது பார்த்திருப்பர்.