ஈரல் துண்டும் இரண்டு நொடியும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில், ராகிக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு மாந்தோப்பு. ஞாயிறு காலையில் அங்கே நாய்களோடு ஆட்கள் கூடுகிறார்கள். ஒரு லேப்ரடார், இரண்டு நாட்டு நாய்கள், இன்ன இனம் என்று சொல்ல முடியாத ஒரு கலப்பு, கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும் ஒரு சிப்பிப்பாறை. பயிற்சியாளர் ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த இளைஞர். இடுப்பில் கட்டிய சிறு பையிலிருந்து வேகவைத்த கோழி ஈரலின் வாடை வருகிறது. கையில் குச்சி இல்லை. வந்தவர்களில் பலருக்கு அதுதான் முதல் ஏமாற்றம்.

“குச்சி இல்லாம எப்படி தம்பி அடங்கும்?” என்கிறார் லேப்ரடாரின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

“அடங்க வேண்டாங்க. சொன்னதைச் செஞ்சா போதும்.”

வேலை தொடங்குவது நாய்களிடம் அல்ல. அவற்றை மரத்தடியில் கட்டிவிட்டு, ஆட்களை வரிசையாக நிறுத்துகிறார். ஒரு ரப்பர் பந்தை மேலிருந்து விடுகிறார். பந்து தரையைத் தொடும் அதே கணத்தில் எல்லோரும் “ம்” என்று சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பந்து இரண்டு முறை துள்ளி முடித்த பிறகுதான் டிரைவரின் “ம்” வருகிறது. பக்கத்தில் நின்ற பள்ளிச் சிறுமி முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறாள்.

மொத்த வித்தையும் இந்தப் பந்தில்தான் இருக்கிறது. நாய் உட்காரும்போது அதன் பின்பக்கம் தரையைத் தொட்ட நொடியில் “ம்”, உடனே ஈரல். இரண்டு நொடி தாமதித்தால் நாய் எழுந்திருக்கும். அப்போது கொடுக்கிற கூலி எழுந்ததற்கான கூலியாகிவிடும். ‘எத்தனை சொல்லியும் கேட்கவில்லை’ என்று திட்டு வாங்குகிற நாய்களில் பல, எதற்குக் கூலி வந்ததென்றே தெரியாமல் நிற்பவை. அந்த “ம்” என்ற ஒலிக்குப் பதில் சிலர் கிளிக்கர் என்ற சிறு கருவியை வைத்துக்கொள்வார்கள். பேனாவின் பொத்தானை அழுத்தும் சத்தமே போதும் என்கிறார் இவர்.

கிளிக்கர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த சங்கதி. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதி அதை விலங்குப் பயிற்சித் தொழிலுக்குக் கொண்டுபோனார்கள். 1960களில் ஹவாய்த் தீவுகளில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர், 1984இல் ஒரு புத்தகம் எழுதி இதைச் சாதாரண வீடுகளுக்குள் கொண்டுவந்தார். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை மாட்ட முடியாது. அதட்டினால் ஆழத்துக்குப் போய்விடும். மீனும் விசிலும் தவிர வேறு வழி அங்கே இல்லை. நாய்க்குக் கழுத்தும் இருந்தது, அதில் சங்கிலியும் இருந்தது. அதனால் நாய்ப் பயிற்சி இந்தப் பக்கம் வர நாளாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

அடித்துப் பழக்குவதால் என்ன நடக்கிறது என்பதற்குக் கணக்கும் உண்டு. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரப் பகுதியில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. அதட்டியும் கயிற்றை வெட்டி இழுத்தும் பழக்கிய பள்ளிகளின் நாய்கள் வகுப்பின்போது உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன, உடலைத் தாழ்த்திக்கொண்டன. வகுப்புக்குப் பிறகு அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அதிகமாக இருந்தது. உதட்டை நக்குவதைப் பசி என்றும் கொட்டாவியைத் தூக்கம் என்றும்தான் நாம் நினைக்கிறோம்.

பென்னாகரத்தைத் தாண்டி, காட்டோரம் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் பெரியவருக்கு இந்த ஆய்வுகளெல்லாம் தெரியாது. அவருடைய மூன்று நாய்களுக்கும் இரவில் சிறுத்தை வாடை பட்டால் குரைப்பது வேலை. களி உருண்டை சம்பளம். “கூப்பிட்டு வந்த நாயை அடிச்சா அடுத்த தடவை அது ஏன் வருது?” என்று அவரே கேட்கிறார். பயிற்சியாளர் தோப்பில் அரை மணி நேரம் விளக்கிய பாடம் இதுதான். ஆனால் துரத்துகிற நாய்க்குப் பெரியவர் செய்யும் வைத்தியம் வேறு. மாட்டுக்குக் கட்டும் தொண்டுக்கட்டையை நாயின் கழுத்திலும் கட்டிவிடுகிறார். ஓடினால் காலில் இடிக்கும். ஓடாது, சரி, சிறுத்தை வந்தால் தப்பவும் முடியாது.

துரத்தல் இங்கே சின்ன விஷயமல்ல. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புள்ளிமானைத் துரத்தும் நாய் அதன் எல்லையோரத்தில் வசிப்பவருக்கு வம்பு. பயிற்சியாளர் சொன்ன யோசனையைப் பெரியவர் பாதி ஏற்றார்: தினமும் களி வைக்கும் முன் ஒரு சீட்டி, சீட்டிக்கு ஓடிவந்தால் மட்டும் முதல் உருண்டை. கட்டையை அவிழ்க்க மட்டும் சம்மதிக்கவில்லை.

இறைச்சிக்கு வழியில்லாத வீடுகளில் என்ன செய்வது? கொல்கத்தாவின் ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து வருகிறது. முன்பின் தெரியாத மனிதர் உணவு கொடுத்துப் பழகுவதைவிடத் தடவிக்கொடுத்துப் பழகினால் தெருநாய் அவரைக் கூடுதலாக நம்புகிறது என்று 2017இல் எழுதினார்கள். தோப்புக்கு வந்த நாட்டு நாய்களில் ஒன்று ஈரலை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது; காதுக்குப் பின்னால் சொறிந்ததும் உட்கார்ந்தது. கூலி எது என்பதை முடிவு செய்வது நாய்தான்.

டிரைவரின் குறை வேறு. லேப்ரடார் செருப்புகளைக் கடித்துக் குதறுகிறது. பகலெல்லாம் காம்பவுண்டுக்குள் தனியாகக் கிடக்கும் நாய்க்கு அதைவிட்டால் வேறு வேலை இல்லை. “சோத்தைத் தட்டுல போடாதீங்க” என்கிறார் பயிற்சியாளர். பழைய சாக்கைச் சுருட்டி மடிப்புக்கு மடிப்பு முட்டைத் துண்டுகளை வைக்கலாம். தேங்காய் மட்டைகளைக் குவித்து அடியில் ஒளிக்கலாம். வைக்கோலில் கொஞ்சம் தூவிவிட்டால் கால் மணி நேரம் மூக்கு வேலை செய்யும். கடையில் பொம்மை வாங்க வேண்டியதில்லை. சாக்கைத் தின்கிற நாயாக இருந்தால் மட்டும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது.

இதை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு ஆடிய நாய்கள், புதிதாக ஒரு கிண்ணத்தைக் கண்டால் அதில் ஏதோ இருக்கும் என்ற நம்பிக்கையோடு முன்னைவிட வேகமாகப் போயின. அதே காலம் காலோடு ஒட்டி நடக்க மட்டும் பழகிய நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஷார்லட் துராந்தோனும் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸும் 2019இல் வெளியிட்ட முடிவு இது.

எனக்கு மிகவும் உபயோகமாகப் பட்டது கடைசியில் நடந்த ஊசிப் பாடம். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டாக வேண்டும். ஆனால் கால்நடை மருந்தகத்துக்குப் போனால் நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டிய நாய்க்கு மறு வருஷம் வீட்டில் ஊசியே போடமாட்டார்கள். அதனால் ஊசி இல்லாமலே ஒத்திகை: தொடைத் தோலை மெல்லக் கிள்ளு, “ம்”, ஈரல். வாய்க்கூண்டுக்குள் ஈரலை வை. மூக்கை அதுவே நுழைக்கட்டும். அன்று மூன்று நாய்கள் தாமாக மூக்கை நுழைத்தன.

சிப்பிப்பாறை நுழைக்கவில்லை. வரப்பில் ஓடிய ஓணானைப் பார்த்த பிறகு அதற்கு ஈரலும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. பார்வையால் வேட்டையாடும் இனம். “ஆன்லைன்ல ஷாக் அடிக்கிற பெல்ட் விக்கிறாங்களே ணா?” என்று அதன் சொந்தக்காரப் பையன் தயங்கிக் கேட்டான். வலி வரும் நேரத்தில் எதிரே குழந்தை நின்றால் வலிக்குக் காரணம் குழந்தை என்று நாய் முடிவு செய்யலாம், அது வேண்டாம் என்றார் பயிற்சியாளர். நீளக் கயிறு, ஆளில்லாத கொல்லை, பல மாதம். பையனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடம்: ஈரலைவிட உங்கள் நாய்க்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்து எடுத்து வர வேண்டும்.

“எங்க வீட்டுதுக்கு என் செருப்புதான் தம்பி பிடிக்கும்.”

“அப்ப ஒத்தைச் செருப்பைக் கொண்டாங்க சார்.”